பைபிளோடு புதைந்த உயில்

என் உயிரான அப்பாவுக்கு,

'உயிரான' என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பழக்கதோஷம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போய் ஐம்பத்து மூன்று நாள் ஆகிறது. மழை விட்டபாடில்லை. மூணாறு போகிற பள்ளிவாசல் ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, பஸ் பாதி நாள் வருவதே இல்லை. உங்கள் கட்டிலைப் பின்பக்கச் சாய்ப்பில் போட்டிருக்கிறேன். கோழி அதில் முட்டையிடுகிறது. பெரியவளுக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. உங்களுக்கு மூத்திரக் குழாய் மாற்றிப் பழகியவள், வேறு எதற்குப் போவாள்?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் உயில் இப்போது எங்களிடம் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் கையில், பைபிளுக்குள், ஆறடி மண்ணுக்குக் கீழே. அதை அங்கே வைத்தது உங்கள் அருமை மகன் லாரன்ஸ் அண்ணன்தான். நான் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க நீங்கள் பொறுத்துக்கொண்டது ஒன்றுமில்லை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனபோது கிடைத்த பணத்தில், ரோட்டுக்குக் கீழே பட்டயப் பத்திரம் உள்ள பத்து சென்ட் வாங்கி வீடு கட்டினீர்கள். எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு லயத்து வீடுதான், அதுவும் வேலை இருக்கிற வரைக்கும்தான். சொந்தச் சுவர் என்பது நம் வம்சத்திலேயே அதுதான் முதல். அம்மா இறந்த பிறகு சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்தது. என்னைக் கூப்பிட்டீர்கள். நானும் உங்கள் மருமகனும் இரண்டு பிள்ளைகளுமாக வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தோம். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு வருவான். கேக்கை வெட்டிவிட்டுப் போவான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கண் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடிமாலிக்குப் பஸ் ஏறினீர்கள். திரும்பி வந்தபோது கண்ணாடி மாறவில்லை, கோபம் மட்டும் புதிதாக இருந்தது. வக்கீலைப் பார்க்கத்தான் போனேன் என்று அப்புறம் சொன்னீர்கள். உயில் எழுதி, ரெஜிஸ்டர் ஆபீஸில் பதிந்து தர எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் கேட்டார்களாம். நாலு வரி எழுதப் பத்தாயிரமா, வரிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறா என்று இரண்டு நாள் வீட்டையே ஒரு வழி பண்ணினீர்கள். யோசனை சொன்னதற்கு மட்டும் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லும்போது உங்கள் குரலே தழுதழுத்தது. அம்மா செத்தன்றுகூட அப்படித் தழுதழுக்கவில்லை.

அப்புறம் கடையில் இரண்டு வெள்ளைத்தாள் வாங்கி வரச் சொல்லி, மூன்று நாள் உட்கார்ந்து நீங்களே எழுதினீர்கள். சாட்சி வைக்கிற நாள் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சபை உபதேசியார் தாசையாவை வரச் சொல்லியிருந்தீர்கள். இன்னொரு சாட்சியாக உங்கள் மருமகனைக் கூப்பிட்டீர்கள்.

ஜீப் ஓட்டுகிறவனுக்குப் பெண் கொடுத்தது பிடிக்காமல், என் கல்யாணத்தன்று கோயில் ரிஜிஸ்தரில் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் வெளியே போய் நின்றவர் நீங்கள். நம் ஆட்களிடையே அது சாதாரண அவமானமா? பெண்ணைப் பெற்றவன் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சித்தப்பா கையெழுத்து இருக்கிறது இன்னும். பதினாறு வருடத்தில் அவரை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'ஏய் டிரைவர்' என்பீர்கள், அதையும் என் மூலமாகச் சொல்லியனுப்புவீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு,

"வாங்க மாப்ள, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. காப்பி குடிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போடணும்" என்றீர்கள்.

மனிதர் கல்யாணச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார், அப்பா. பித்தான் பூட்ட முடியவில்லை, வயிறு வந்துவிட்டது. அப்படியும் அதைத்தான் போட்டார். கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டார். மேலே எழுதியிருந்ததை இன்னொரு தாளால் மூடி வைத்திருந்தீர்கள். அவரும் எட்டிப் பார்க்கவில்லை, உபதேசியாரும் பார்க்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் ஒரு வாரம் இதைத்தான் பேசினார். மாமா என்னையும் மனுஷனா மதிச்சிட்டாரு என்று.

எல்லாரும் போன பிறகு எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினீர்கள். வீடும் பத்து சென்டும் மகள் ஜெசிக்கு. என் பேரில் மீதி உள்ளது எதுவானாலும் அது மகன் லாரன்ஸுக்கு. மீதி என்று அப்போது உங்களிடம் இருந்தது ஒரு கைக்கடிகாரமும் இரண்டு வேட்டியும். எனக்கு அண்ணனை நினைத்தால் பாவமாக இருந்தது. அழுதேன். உங்கள் காலைத் தொட்டேன்.

அடுத்த மாதமே பக்கவாதம் வந்து விழுந்தீர்கள். மூன்றரை வருடம். ஒரு கை மட்டும் நன்றாக இருந்தது. அந்தக் கைக்கு எட்டுகிற இடத்தில் பைபிள். பைபிளுக்குள் உயில். கஞ்சியில் உப்புக் குறைந்தால் அந்தத் தாள் வெளியே வரும். பிள்ளைகள் சத்தம் போட்டால் வெளியே வரும். பரிசுத்த வேதாகமத்தை நீங்கள் திறந்தது அதற்குத்தான். "திருத்தி எழுதிருவேன், பாத்துக்க" என்பீர்கள். கோணிப்போன வாயில் மற்ற வார்த்தை எதுவும் தெளிவாக வராது. அது மட்டும் ஸ்பஷ்டமாக வரும்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இனி யாருக்குப் பயம். முதல் வருடம் உங்களை அன்பால்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டுக்காகத்தான் பார்த்தேன். படுக்கைப் புண்ணைத் துடைக்கும்போது மனதுக்குள் ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசிப்பேன். உங்களைப் புரட்டிப் போடும்போது, இந்த அறையை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கலாம் என்று கணக்குப் போடுவேன். நீங்கள் நல்ல மனிதராக இருந்திருந்தால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

அப்புறம் செத்துப்போனீர்கள். திருப்பூரிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. வந்தவன் நேராகக் கட்டிலுக்குப் போய் பைபிளை எடுத்துக்கொண்டு வந்தான். பெரியவர்கள் செத்தால் அவர்கள் வாசித்த வேதத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிற வழக்கம் நம் ஆட்களிடம் உண்டுதானே. அப்பா ஒருநாளும் இதைப் பிரிந்திருந்ததில்லை என்று கதறிக்கொண்டே உங்கள் விரல்களுக்குள் செருகினான். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சபை மூப்பர் சொன்னார். நான் விடிகாலையிலிருந்து உங்களைக் குளிப்பாட்டி உடுத்தி, காய்ச்சலோடு பெண்கள் நடுவில் மயங்கிக் கிடந்தேன். கவனிக்கவில்லை.

உயில் பைபிளுக்குள் இருந்தது மூன்றாம் நாள்தான் நினைவு வந்தது. மூன்றாம் நாள் கல்லறை திறக்கும் என்று நம்புகிற கூட்டம் நாம். நான் அன்றைக்கு அதை நிஜமாகவே வேண்டினேன். என் வீடு மண்ணுக்குள் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினேன். போதகர் ஐயா வீட்டு வாசலில் நின்று, எங்கப்பா குழியைத் தோண்டித் தாங்க என்று கேட்டேன். அவர் பயந்துபோய்விட்டார். கமிட்டி கூட வேண்டும், அதற்கு மேல் அரசாங்க உத்தரவு வேண்டும், முதலில் ஒரு வக்கீலைப் பாரும்மா என்று அடிமாலியில் ஒரு வக்கீலம்மா பெயரைச் சொன்னார்.

போனேன். மலையாளத்து அம்மா, நம் தமிழும் நன்றாகப் பேசுகிறார். யோசனைக்கு இப்போது ஆயிரம் ரூபாய். கொடுத்தேன். குழியைத் தோண்டக் கோர்ட்டில் மனுப் போட இருபத்தைந்தாயிரம் ஆகும் என்றார். கம்மலை வைத்துத் தருகிறேன் என்றேன். சரி, உயிலில் சாட்சி யார் என்று கேட்டார். உபதேசியாரும் என் வீட்டுக்காரரும் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அப்பா பெயர் என்ன என்றார். சொன்னேன்.

"செல்லையாவா? தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்தாரே, பத்தாயிரத்தை ரெண்டாயிரத்துக்குக் கேட்டவரு?"

ஆமாம் என்றேன். உங்களை மறக்கவே முடியாதாம்.

அந்த அம்மா விளக்கினது எனக்கு முதலில் ஏறவில்லை. நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் எழுதுகிற உயிலில், சொத்தை வாங்குகிறவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாதாம். அவருடைய புருஷனோ பெண்டாட்டியோ போட்டாலும் செல்லாதாம். உயில் நிற்குமாம், அவருக்கென்று எழுதிய அந்த வரி மட்டும் செத்துவிடுமாம். இதையே மேல்வீட்டு மாரியப்பன் எழுதி, அவர் மருமகன் சாட்சி போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை, இந்துக்களுக்கு இந்த விதி கிடையாது என்றார். ஞானஸ்நானத்தால் எனக்கு இப்படியும் ஒரு ஆசீர்வாதம்.

அப்போதும் உங்களைத்தான் பாவம் என்று நினைத்தேன். பத்தாயிரம் ரூபாய்க்குக் கஞ்சத்தனம் பார்த்து, தெரியாமல் தப்புப் பண்ணிவிட்டாரே என்று சொல்லி அழுதேன். வக்கீலம்மா மெதுவாகச் சொன்னார்.

"தெரியாம இல்ல மோளே. நான் அவருகிட்ட பறஞ்சேன். மகளுக்கு எழுதினா மருமகன் சாட்சி ஒப்புப் போடக்கூடாதுன்னு. போட்டா அந்த வீடு எங்க போகும்னு கேட்டாரு. 'மீதி' யாருக்குன்னு எழுதியிருக்கோ அவங்களுக்குப் போகும்னேன். அந்த 'மீதி'ய எப்படி எழுதணும்னு கேட்டு, சீட்டுல எழுதி வாங்கிட்டுத்தான் போனாரு."

ஐந்நூறு ரூபாய் வீண் என்று தழுதழுத்தீர்களே, அப்பா. அதைவிட மலிவாக ஒரு மனிதன் தன் மகளை விற்றிருக்க முடியுமா?

நாற்காலியை இழுத்துப் போட்டது, காப்பி, மாப்ள. எல்லாம் அந்தச் சீட்டில் இருந்ததுதானா? சாட்சிக்கு ஆளா இல்லை நம் ஊரில்? மேல்வீட்டு மாரியப்பன் இருந்தார், கடைக்காரர் இருந்தார். பதினாறு வருடம் முகம் கொடுக்காத மனிதனை நீங்கள் தேடிப் பிடித்தது அவர் பெயர் என் பெயரைக் கொல்லும் என்பதற்காகத்தானே.

வக்கீலம்மா மீதியையும் சொல்லி முடித்தார். அந்தத் தாளை வெளியே எடுத்தால் வீடு முழுக்க அண்ணனுக்கு. தாள் கிடைக்காமலே போனால், வேறு நகலும் இல்லையென்றால், உயில் எழுதாமல் செத்தவர் சொத்து என்று ஆகும், ஆளுக்குப் பாதி. "தோண்டணும்னு நீ கேட்டா நான் மனுப் போடுறேன். ஆனா உங்கிட்ட பீஸும் வாங்கி, உனக்கே குழி வெட்டின மாதிரி ஆகும்" என்றார். நான் கம்மலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். கொடுத்த ஆயிரம் ரூபாயில் ஒரு பைசாகூட வீணில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். அவனுக்குத் தெரியுமா என்று தெரிய வேண்டியிருந்தது. கேட்டேன். மழுப்பவெல்லாம் இல்லை, உங்கள் ரத்தம்தானே.

"வீடு உனக்குன்னாத்தான் நீ கடைசி வரைக்கும் அவரைப் பாப்பன்னு அப்பா சொன்னாரு. பாத்தேல்ல? அப்புறம் என்ன. அந்தப் பேப்பரைப் பத்திரமா எடுத்து வை, நான் வாரேன்" என்றான்.

பேப்பர் பைபிளுக்குள் இருந்தது என்றேன். சரி, பைபிள் எங்கே என்றான்.

"நீதான அண்ணே அப்பா கையில குடுத்து அனுப்புன" என்றேன்.

போனில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவ்வளவு சீக்கிரம் சுடும் என்று எனக்கும் தெரியாது. அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன் பாருங்கள், மூன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே கூலி அதுதான்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. வீடு லாரன்ஸுக்குத்தான், ஆனாலும் என்னைப் பார்த்துக்கொள்வாயா என்று ஒரு வார்த்தை நேராகக் கேட்டிருந்தால்? பார்த்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். சத்தியமாகத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. என்னை அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டீர்கள் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் மருமகனிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் பாதி போகும் என்று சொன்னபோது அவர் தலையைத்தான் ஆட்டினார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்ப அன்னைக்கு என்னைய உக்காரச் சொன்னது?" என்றார்.

அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். அப்பா, எனக்குச் செய்ததை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். அந்த மனிதரின் சட்டைப் பித்தானை நான் மறக்கமாட்டேன்.

அண்ணன் இப்போது மூணாறில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறானாம். குழியைத் திறக்க மனுப் போடப் போகிறானாம். அந்த வக்கீல் நாற்பதாயிரம் கேட்டாராம். உங்கள் பிள்ளை அல்லவா, பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் பேசி முடிப்பதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் மேல் இருப்பது வெறும் மண்மேடு. இரண்டு ஆள் மண்வெட்டியோடு போனால் ஒரு மணி நேரத்தில் உங்களைத் தொட்டுவிடுவார்கள். ஆனால் பெயர் வெட்டி, சிலுவை வைத்துக் கட்டிய கல்லறையைக் கடப்பாரையால் உடைப்பதற்கு நம் சபையில் எவனும் கை தூக்கமாட்டான். உத்தரவு வந்தாலும் உடைக்க ஆள் கிடைக்காது. அதனால் கல்லறை கட்ட அனுமதி கேட்டுக் கமிட்டியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு மழைக்காலம் போய் மண் இறங்கட்டும்மா, இப்ப கட்டுனா வெடிக்கும் என்று குழி வெட்டுகிற அந்தோணி சொன்னார். வெடிக்காத மாதிரி கட்டலாம் என்றேன். அப்பாமேல் இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பாசம் பாருங்கள் என்று மூப்பர் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது, சிரிப்பை அடக்கினால் எனக்குக் கண் கலங்கும்.

கம்மலை விற்றாயிற்று. நாலு மூட்டை சிமென்ட் போதும் என்று கொத்தனார் சொன்னார். நேற்று உங்கள் மருமகன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது மூட்டை. எதற்கு இத்தனை என்று கேட்டேன். மாமாவுக்கு நாம வேற என்ன செஞ்சோம் என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கான்கிரீட் போடுகிறோம். அடியில் கம்பி கட்டி, முக்கால் அடிக் கனம். அதற்கு மேல் கறுப்புக் கல். 'கர்த்தருக்குள் நித்திரை' என்று பெரிய எழுத்தில் வெட்டச் சொல்லியிருக்கிறேன். கடைசி எக்காளம் ஊதும்போது இந்த மலையில் கிடக்கிற எல்லாரும் மண்ணை உதறிவிட்டு எழுந்திருப்பார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டு கிடப்பீர்கள். ஒரு கைதானே விளங்கும், கொஞ்சம் நேரமாகும்.

அதுவரைக்கும் உங்கள் தூக்கத்தை ஒருவரும் கலைக்க விடமாட்டேன் அப்பா. நீங்கள் பெற்ற பிள்ளையே வந்து கேட்டாலும் விடமாட்டேன். இது என் வாக்கு. நம் குடும்பத்தில் ஒருவராவது கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?

உங்கள் பாதி வீட்டுக்கு முழு மகள்,
ஜெசி